தாங்கிகள் ஏன் வட்ட வடிவம் பெற்றன?

விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, மாணவியர் கேட்கும் கேள்விகளே பல வேளைகளில் அடுத்த பாடமாக அமைந்துவிடுகின்றன. தரம் 10 வகுப்பில் திரவ அமுக்கம் பற்றிய பாடம் முடியும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கூரைக்கு மேல வெக்கிற தண்ணி டேங்க் எல்லாம் ஏன் வட்டமாவே இரிக்கிது? பெட்டி மாதிரி செஞ்சா செவரோட ஒட்டி வெக்கலாம் தானே, எடமும் மிச்சம்" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வீட்டில் அலுமாரி, பெட்டகம், குளிர்சாதனப் பெட்டி எல்லாமே மூலைகளுடன்தான் இருக்கின்றன. திரவத்தைச் சேமிக்கும் பாத்திரம் மட்டும் ஏன் மூலையை வெறுக்கிறது? குடமும் வட்டம், பீப்பாவும் வட்டம், எரிவாயுச் சிலிண்டரும் வட்டம், கொலன்னாவையில் நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளும் வட்டம். அன்று அவளுக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை, மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கும் இந்தச் சஞ்சிகைக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நாம் இலங்கையில் 'தாங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஒலியில் அது ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்தாலும், தாங்குவது தாங்கி என்று தமிழிலும் அழகாகப் பொருள் தருகிறது. அது எதைத் தாங்குகிறது, எப்படித் தாங்குகிறது என்று கேட்டால் அதன் வடிவத்துக்கான காரணம் தானாகவே வெளிப்படும்.

திரவம் எப்படித் தள்ளுகிறது?

ஒரு பெட்டிக்குள் செங்கற்களை அடுக்கினால் அவற்றின் நிறை பெட்டியின் அடியையே அழுத்தும். பக்கச் சுவர்களைக் கழற்றிவிட்டாலும் செங்கற்கள் அப்படியே நிற்கும். அதே பெட்டியில் தண்ணீரை நிரப்பிப் பக்கச் சுவரைக் கழற்றினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரவம் கீழ்நோக்கி மட்டுமன்றி எல்லாத் திசைகளிலும் தள்ளுகிறது. அடியைப் போலவே சுவரும் அதைத் தாங்க வேண்டும்.

எவ்வளவு தள்ளுகிறது? பாடநூலில் உள்ள சமன்பாடு இதுதான்: அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல். தண்ணீரின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். ஆகவே 1 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 1 × 1000 × 9.8 = 9800 பஸ்கால். அதாவது, அந்த ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறத்தாழ 1 தொன் நிறை அழுத்துவதற்குச் சமம்.

இனிப் பக்கச் சுவரைப் பார்ப்போம். 1 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் கொண்ட சுவரொன்றின் பின்னால் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. நீர்மட்டத்தில் அமுக்கம் பூச்சியம். அடியில் 9800 பஸ்கால். சராசரி 4900 பஸ்கால். ஆகவே சுவரைத் தள்ளும் மொத்த விசை 4900 நியூற்றன், அதாவது ஏறத்தாழ அரைத் தொன். அதே அகலச் சுவரை 2 மீற்றராக உயர்த்தி நீரையும் 2 மீற்றருக்கு நிரப்பினால் சராசரி அமுக்கமும் இரு மடங்கு, பரப்பளவும் இரு மடங்கு. விசை 19,600 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 2 தொன். ஆழம் இரு மடங்கானதும் சுவர் மீதான விசை நான்கு மடங்காகிவிட்டது. தாங்கி கட்டுபவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டிய கணக்கு இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சமன்பாட்டில் தண்ணீரின் அளவு எங்குமே வரவில்லை. ஆழம் மட்டுமே வருகிறது. ஒடுங்கிய குழாயாக இருந்தாலும் பெரிய குளமாக இருந்தாலும் 3 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் ஒன்றுதான்.

மூலையின் பலவீனமும் வட்டத்தின் பலமும்

மெல்லிய பொலித்தீன் பை ஒன்றில் தண்ணீரை நிரப்பிக் கட்டித் தூக்கிப் பாருங்கள். பை தட்டையாக இருந்தாலும் தண்ணீர் அதை உருண்டையாக்கிவிடும். பால் அடைத்து வரும் காகிதப் பெட்டியை உற்றுப் பார்த்தாலும் அதன் பக்கங்கள் சற்றே வெளியே உப்பியிருப்பது தெரியும். தட்டையான சுவரைத் திரவம் வளைக்கப் பார்க்கிறது. சுவரின் நடுப்பகுதி வெளியே தள்ளப்பட, மூலைகள் பிளவுபடும் நிலைக்கு வருகின்றன.

இதை விளங்கிக்கொள்ள விளையாட்டு மைதானத்தில் ஒரு சோதனை செய்யலாம். பன்னிரண்டு மாணவியர் கைகோத்து வட்டமாக நின்று, ஒரே நேரத்தில் மெதுவாகப் பின்னோக்கிச் சாய வேண்டும். யாரும் விழமாட்டார்கள். ஒவ்வொருத்தியின் கைகளும் இருபுறமும் சமமாக இழுபடும். அந்த இழுவையே எல்லோரையும் தாங்கும். இப்போது அதே பன்னிரண்டு பேரும் பக்கத்துக்கு மூவராகச் சதுரமாக நின்று சாயட்டும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்பவள் தடுமாறுவாள். அவளது இரு கைகளும் நேர்கோட்டில் பக்கவாட்டாக இழுபடுகின்றனவே தவிர, அவளை உள்ளே இழுத்துப் பிடிக்க எதுவுமில்லை. வரிசை வெளியே வளைந்த பிறகுதான் அவளுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

தாங்கியின் சுவரிலும் இதுவே நடக்கிறது. உருளை வடிவத் தாங்கியில் ஒரே மட்டத்திலுள்ள எல்லாப் புள்ளிகளையும் திரவம் சமமாக வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளுகை சுவரைச் சுற்றி ஓடும் சீரான இழுவையாக மாறிவிடுகிறது. உருக்கு இழுவையைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. மெல்லிய தகட்டைக் கையால் வளைத்துவிடலாம். ஆனால் இழுத்து அறுப்பது எவ்வளவு கடினம்! வட்டம் செய்யும் உதவி இதுதான்: தகட்டுக்குக் கடினமான வேலையை விலக்கி, இலகுவான வேலையைக் கொடுக்கிறது.

பழைய மரப் பீப்பாக்களில் இது கண்ணுக்கே தெரியும். பலகைகளைச் சுற்றி இறுக்கிய இரும்பு வளையங்களே பீப்பாவைத் தாங்குகின்றன. வளையம் கழன்றால் பலகைகள் விரிந்துவிடும்.

இந்த இழுவையைக் கணிக்க எளிய வழி உண்டு. 1 மீற்றர் உயரமுள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டால், இழுவை = அமுக்கம் × ஆரை. ஆரை அரை மீற்றரும் நீரின் ஆழம் 1.3 மீற்றரும் கொண்ட ஓர் உருளைத் தாங்கி ஏறத்தாழ 1000 லீற்றர் கொள்ளும். அதன் அடியில் அமுக்கம் 12,740 பஸ்கால். இழுவை 6370 நியூற்றன், அதாவது மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். ஒரு சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் சுவர் இதைத் தாங்கிவிடுகிறது. அதே தடிப்பில் சதுரப் பெட்டி செய்திருந்தால் நிரப்பும்போதே பக்கங்கள் வயிறு தள்ளிவிடும்.

சிக்கனமும் ஒரு காரணம்

பலத்தோடு சிக்கனமும் சேர்கிறது. 1 கனமீற்றர், அதாவது 1000 லீற்றர் கொள்ளும் மூடிய பாத்திரம் செய்ய எவ்வளவு தகடு வேண்டும்? சதுரமுகி என்றால் 6 சதுர மீற்றர். உயரமும் விட்டமும் சமமான உருளை என்றால் ஏறத்தாழ 5.54 சதுர மீற்றர். கோளம் என்றால் ஏறத்தாழ 4.84 சதுர மீற்றர் மட்டுமே. ஒரே கனவளவை மிகக் குறைந்த பரப்பளவால் மூடும் வடிவம் கோளம். பரப்பு குறைந்தால் தகடு குறையும். பூசும் வர்ணம் குறையும். உள்ளிருக்கும் திரவத்துக்கு வெயிலின் சூடு செல்லும் வழியும் குறையும். மூலை இல்லாததால் அழுக்குத் தேங்கும் இடமும் குறைவு. பால், எண்ணெய் போன்ற உணவுப் பொருட்களின் தாங்கிகளில் உள்விளிம்புகளை வளைத்து அமைப்பது இதற்காகவே.

அப்படியானால் எல்லாவற்றையும் கோளமாகச் செய்யலாமே?

இந்தக் கேள்வியும் அன்று வகுப்பில் வந்தது. கோளத்தின் பலத்தில் குறையில்லை. உள்ளமுக்கம் ஒன்றாக இருந்தால், அதே ஆரையுள்ள உருளையின் சுவரில் வரும் இழுவையின் பாதியே கோளத்தின் சுவரில் வரும். ஆனால் இரண்டு திசைகளிலும் வளைந்த தகடுகளைச் செய்வதும் ஒட்டுவதும் செலவான வேலை. கோளம் தானாக நிற்காது, கால்கள் வேண்டும். உருளைக்கு அந்தத் தொல்லை இல்லை. தட்டையான தகட்டை ஒரு திசையில் சுருட்டினால் போதும். அதன் அடி தட்டையாக இருப்பதால் திரவத்தின் நிறையை நிலமே நேரடியாக ஏந்திக்கொள்கிறது. கோளத்துக்கும் பெட்டிக்கும் இடையில் உருளை ஒரு நல்ல சமரசம்.

உள்ளமுக்கம் மிகவும் கூடிய பொருட்களுக்குத்தான் கோளத்தின் செலவு தகும். அமுக்கத்தால் திரவமாக்கப்பட்ட எரிவாயு அத்தகையது. 1923ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கோளவடிவ உருக்குத் தாங்கி கட்டப்பட்டது. இன்று உலகின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் கால்களின் மேல் நிற்கும் பெரும் பந்துகளைக் காணலாம்.

நம் சமையலறையிலுள்ள 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை ஆட்டினால் உள்ளே திரவம் அசைவது தெரியும். சிலிண்டரின் தலையும் அடியும் குவிந்திருப்பதைப் பாருங்கள். தட்டையாக விட்டிருந்தால் உள்ளமுக்கம் அவற்றை வெளியே வளைக்கப் பார்க்கும். அடியும் குவிந்திருப்பதால் நிற்பதற்காகக் கீழே ஒரு வளையம் பொருத்தப்பட்டிருக்கிறது.

அமுக்கம் நிறைந்த மூடிய உருளையில் சுற்றியோடும் இழுவை, நீளவாக்கில் வரும் இழுவையின் இரு மடங்கு. அதனால் அது கிழிந்தால் நீளவாக்கிலேயே கிழியும். நம்ப முடியாவிட்டால் அடுத்த முறை சொசேஜ் பொரிக்கும்போது கவனியுங்கள். வெடிப்பு எப்போதும் நீளமாகத்தான் ஓடும்.

வட்டமாக இல்லாதவை

விதியைச் சொன்னால் விலக்குகளையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிவாசல்களில் வுழூச் செய்யும் ஹவுழ் பெரும்பாலும் நீள்சதுரமாகவே இருக்கிறது. அது கூடாத வடிவமா? இல்லை. ஹவுழ் ஆழம் குறைந்தது. ஆகவே சுவர் மீதான விசையும் குறைவு. சுவர் தடித்த கட்டடச் சுவர். பெரும்பாலும் ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியிலுள்ள மண்ணும் சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலர் வரிசையாக அமர்ந்து வுழூச் செய்ய நேரான விளிம்பே வசதி. இங்கே வடிவத்தைத் தீர்மானிப்பது தண்ணீரல்ல, அதைப் பயன்படுத்தும் மனிதர். நிலத்துக்குக் கீழே கட்டும் சீமெந்துத் தாங்கிகளும் இப்படியே. நேரான சுவர் கட்டுவதும் பலகை அடிப்பதும் மேசன்மாருக்கு இலகு. ஆனால் அதற்கு விலை உண்டு. சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். மூலைகளில் கம்பி சரியாக வளைத்துக் கட்டப்பட வேண்டும்.

கிணறு வட்டமாக இருப்பது நேர் எதிரான காரணத்தால். தாங்கியில் தண்ணீர் சுவரை வெளியே தள்ளுகிறது. கிணற்றில் மண் சுவரை உள்ளே தள்ளுகிறது. வட்டமாக அமைத்த கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கல்லும் கொங்கிறீட்டும் நெருக்கலைத் தாங்குவதில் வல்லவை, இழுவைக்கு வலுவற்றவை. ஆகவே கிணற்றுக்குக் கல்லும், தாங்கிக்கு உருக்கும் பொருந்துகின்றன. வட்டம் இரண்டுக்கும் பொது.

எண்ணெய் பவுசர் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் பல பவுசர்களின் தாங்கி நீள்வட்டமாகத் தெரியும். வட்டத்தைச் சற்று நசுக்கினால் பலம் கொஞ்சம் குறையும். ஆனால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்து, வளைவுகளில் வண்டி கவிழும் ஆபத்தும் குறையும். ஆழமும் அமுக்கமும் குறைவாக இருப்பதால் அந்த விட்டுக்கொடுப்புக் கட்டுப்படியாகிறது. உள்ளே துளைகளுள்ள தடுப்புத் தகடுகளும் இருக்கும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் அலையாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளிவிடும்.

இரண்டு இடங்கள் சொல்லும் பாடம்

திருகோணமலை சீனன்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கித் தொகுதி இன்றும் இருக்கிறது. மொத்தம் 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. எல்லாம் உருக்கு உருளைகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கி ஒன்று எரிந்து அழிந்தது. எஞ்சியவை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டுக்கு நடுவே நிற்கின்றன. பல தாங்கிகள் நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் விடப்பட்டும் அவற்றின் வட்டச் சுவர்கள் சரியவில்லை.

ஆனால் வட்டமாக இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் இதற்கு வேறு விடை சொல்கிறது. அங்கே மொலாசஸ் எனப்படும் கரும்புப் பாகைச் சேமிக்க 1915இல் ஓர் உருக்குத் தாங்கி அவசரமாகக் கட்டப்பட்டது. உயரம் ஏறத்தாழ 15 மீற்றர், விட்டம் ஏறத்தாழ 27 மீற்றர். வடிவம் சரியான உருளைதான். கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவர் பொறியியலாளர் அல்லர். வரைபடத்தை வாசிக்கத் தெரியாத நிதி அலுவலர். தாங்கியைத் தண்ணீரால் நிரப்பிச் சோதிக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே பாகு கசிந்தது. கசிவு தெரியாதிருக்கத் தாங்கிக்கு மண்ணிற வர்ணம் பூசினார்கள்.

நாம் மேலே கற்ற கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். பாகின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 15 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 21 தொன். ஆரை 13.5 மீற்றர். பெருக்கினால், அடியில் 1 மீற்றர் உயரமுள்ள வளையத்தை ஏறத்தாழ 280 தொன் இழுக்கிறது. அந்த இழுவைக்குத் தேவையான தடிப்பு சுவரில் இருக்கவில்லை. 1919 ஜனவரி 15ஆம் திகதி நண்பகல் கடந்த வேளையில் தாங்கி வெடித்துத் திறந்தது. பாகு ஏழு மீற்றருக்கு மேல் உயர்ந்த அலையாகத் தெருக்களில் பாய்ந்தது. 21 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 150 பேர் காயமடைந்தனர். யாரோ குண்டு வைத்ததாக உரிமையாளர் தரப்பு வாதாடியது. பல ஆண்டுகள் நடந்த விசாரணையின் பின், தாங்கியின் பலவீனமே காரணம் என்று 1925இல் முடிவானது. கட்டட வரைபடங்களைத் தகுதிபெற்ற பொறியியலாளர் பரிசீலித்து ஒப்பமிட வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே வலுப்பெற இந்த விபத்தும் காரணமாயிற்று.

தரம் 10 மாணவி போடக்கூடிய ஒரு பெருக்கல் கணக்கு அந்த 21 பேரின் உயிரைக் காத்திருக்கலாம். இதை நான் வகுப்பில் சொன்னபோது சில நிமிடங்கள் யாரும் பேசவில்லை. வட்டம் சுமையைச் சமமாகப் பங்கிடும். ஆனால் பங்கிட்ட சுமையைத் தாங்கும் தடிப்பை மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டுத் தாங்கி

பெற்றோருக்காகச் சில குறிப்புகளைச் சொல்கிறேன். 1000 லீற்றர் தண்ணீர் 1 தொன் நிறை. தாங்கியை வைக்கும் மேடை அந்த நிறையை இரவு பகலாகச் சுமக்க வேண்டும். சுவரைப் போல அடி வட்டத்தின் உதவியைப் பெறுவதில்லை, அது தட்டையானது. ஆகவே அடிப்பாகம் முழுவதும் மேடையில் சமமாகப் படிய வேண்டும். இடைவெளி விட்டு அடுக்கிய பலகைகளின் மேல் பிளாஸ்டிக் தாங்கியை வைத்தால், அடி அந்த இடைவெளிகளில் தொங்கி நாளடைவில் வெடிக்கும்.

குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று பெரிய தாங்கி வாங்குவோர் உண்டு. அமுக்கம் கொள்ளளவில் அல்ல, உயரத்தில்தான் தங்கியிருக்கிறது. குழாயிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதே கேள்வி. மேடையை உயர்த்தினால் அமுக்கம் கூடும். ஆனால் உயர்த்திய மேடையில் ஒரு தொன் நிற்கப் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வெறுமையான தாங்கி மிக இலேசானது. கடும் காற்றில் பறக்காதவாறு கட்டி வைக்க வேண்டும்.

காற்றுப் போகும் துவாரத்தை அடைக்கக் கூடாது. மெல்லிய உருளை உள்ளிருந்து தள்ளுவதை நன்றாகத் தாங்கும். வெளியிலிருந்து நெருக்கினால் மடங்கிவிடும். பிளாஸ்டிக் போத்தலின் வாயை உறிஞ்சினால் அது நசுங்குவது போல, துவாரம் அடைபட்ட தாங்கியிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறினால் சுவர் உள்ளே இழுபடும். அந்தத் துவாரத்துக்கு நுண்ணிய வலை போட்டு, மூடியையும் இறுக மூடுங்கள். டெங்கு நுளம்பும் வராது; பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை.

மாணவியருக்குச் சில கேள்விகள்

1. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு உருளைத் தாங்கிகளில் ஒன்று ஒடுங்கி உயர்ந்தது. மற்றது அகன்று தாழ்ந்தது. எதன் அடியில் அமுக்கம் கூடும்? எது நிலத்தின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் அதிகமாக அழுத்தும்?

2. பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் கீழ் வரிசைத் தகடுகள் தடித்தும் மேல் வரிசைத் தகடுகள் மெலிந்தும் இருப்பது ஏன்?

3. உங்கள் வீட்டுத் தாங்கியின் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து, நிரம்பியிருக்கும்போது அதன் அடியில் சுவரை இழுக்கும் இழுவையைக் கணியுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத் தாங்கியின் மேல் ஏற வேண்டியதில்லை. ஒரு கயிற்றால் சுற்றளவை அளந்தால் விட்டம் கிடைத்துவிடும். உயரத்துக்கு ஒரு நீண்ட தடி போதும். தாங்கி கூரைக்கு மேல் இருந்தால் அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் கொள்ளளவை வாப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, உயரத்தைக் கீழிருந்தே மதிப்பிடுங்கள். அவை இரண்டும் இருந்தால் ஆரையைக் கணிக்கலாம். கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் எல்லோருடைய விடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.